முந்நூறு

மருந்துச் சீட்டு, மளிகைக்கடை பில்,
கிழித்துப் போட்ட காலண்டர் தாள்
எல்லாவற்றையும் ஒரே அளவில் மடித்து
ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருக்கிறாள்.
விரலை நாக்கில் தொட்டு எண்ணும்போது மட்டும்
கை நடுங்குவதில்லை.

என் பெயர் போய் எட்டு மாதமாகிறது.
முதலில் அமிர்து என்றாள், பிறகு ஏங்க,
இப்போது சார்.
ஓசூரிலிருந்து மகள் கேட்கிறாள்,
அம்மா என்னப்பா சொல்றாங்க?
கணக்கு இடிக்குதாம், என்கிறேன்.

கூட்டுறவுச் சங்கத்தில்
இருபத்தொன்பது வருஷம் காசாளர்.
நீலாயதாட்சி எண்ணிக் கொடுத்த கட்டை
யாரும் திருப்பி எண்ணமாட்டார்கள்.

தஞ்சாவூர் டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டி
சுருங்கிக்கிட்டு வருது என்றார்.
நான் மோட்டார் காயில் கட்டுகிறவன்.
எரிந்த காயிலை அவிழ்ப்பேன், சுற்றை எண்ணுவேன்,
புதுக் கம்பி போடுவேன்.
இதை எந்தப் பக்கமிருந்து அவிழ்ப்பது
என்று கேட்க வாய் வந்து, மாத்திரை எத்தனை வேளை
என்று கேட்டேன்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.
பட்டறை வாசலில் எட்டு மோட்டார் கிடக்கிறது.
பூட்டைத் திறந்து மூன்று வாரம்.

ஒரு ராத்திரி கதவு திறந்து கிடந்தது.
டார்ச்சோடு ஓடினேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
தூக்கி நிற்கும் கட்டைக்கு முன்னால்
பையை மார்போடு அணைத்து நிற்கிறாள்.
"கேட் போட்டிருக்கு சார். சரக்கு வண்டி."
வண்டியில்லை. தண்டவாளத்தில் ஒரு நாய்.
பக்கத்தில் நானும் நின்றேன்.
ஒவ்வொரு பெட்டியாக எண்ணினாள்,
நாற்பத்திரண்டு வரைக்கும்.
"ம், தூக்கிட்டான்" என்ற பிறகு
வீட்டுப் பக்கம் திருப்பிக் கூட்டிவந்தேன்.

தினமும் விளக்கு வைத்ததும் அதேதான்:
முந்நூறு குறையுது.

எனக்குத் தெரியும் அந்த முந்நூறை.
குறுவைக் கடன் வசூலுக்குப் பூவனூர் போய்விட்டு
மதியம் சாப்பிட வந்தாள்.
பை மேசைமேல் இருந்தது.
அவள் கைகழுவப் போயிருந்தாள்.
செம்புக்கம்பி பாக்கிக்காரன் வாசலில் நின்றான்.

அன்றைக்கு இரவு பத்து மணிவரை
சங்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள்.
வெளியே சைக்கிளோடு நின்று
இன்னுமா முடியல என்று நான்தான் கத்தினேன்.
மறுநாள் தோட்டை அடகு வைத்துக் கட்டினாள்.
"எங் கைதான் எங்கியோ தப்பு பண்ணிருக்கு."
முப்பத்தொரு வருஷமாக
அந்தக் கை தப்புப் பண்ணியதாகவே இருந்தது.

நேற்று மூன்று நூறு ரூபாயை மேசையில் வைத்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"இந்தக் கலர்ல நூறு வராதே சார். செல்லாது."
காலண்டருக்குப் போய்
இன்னும் வராத நாட்களில் மூன்றைக் கிழித்து
அவள் மடிக்கிற மாதிரியே மடித்துக் கொடுத்தேன்.
எண்ணினாள். திருப்பி எண்ணினாள்.

"நான்தான் எடுத்தேன்.
பையிலேர்ந்து. நீ கைகழுவப் போனப்ப."

"பேரு?"
"அமிர்தகடேசன்."
"அப்பா பேரு?"
சொன்னேன்.
பில்லின் பின்பக்கம் எழுதினாள்.
எழுத்தில்லை, மழைப்புழு ஊர்ந்த தடம்.
அடியில் கையெழுத்து மட்டும்
ஒரு சுழி குறையாமல் முழுசாக விழுந்தது.
கிழித்து நீட்டினாள்.
"அபராத வட்டி இருக்கு. நாளைக்கு வாங்க."

ராத்திரி தூங்கினாள். நான் தூங்கவில்லை.
ரசீது சட்டைப்பையில் இருந்தது,
வேர்வையில் நைந்துவிடக் கூடாதென்று
எடுத்து மோட்டார் கணக்கு நோட்டில் வைத்தேன்.

காலையில் கஞ்சியோடு மேசை முன்னால் போய் நின்றேன்.
மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு
முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.
"வட்டி கட்ட வந்தேன்" என்றேன்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
"வரிசையில வாங்க."

எனக்கு முன்னால் யாருமில்லை.
பின்னாலும்.
நின்றேன்.